பத்தொன்பதாவது படி

ஜகார்த்தாவுக்குக் கிழக்கே கடலோரம் இருக்கிற தெகால் ஊரில் வெல்டிங் தெரியாத ஆம்பிளையைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். தெருவுக்கு மூன்று பட்டறை இருக்கும். ஆனால் வார்ஜோவுக்குக் கண்ணில் பட்டது ஒரே ஒரு பட்டறைதான். அது அவன் பட்டறைக்கு நேர் எதிரே, இரண்டு மோட்டார் சைக்கிள் உரசாமல் போகிற அகலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவன் சகலை சானுரியின் பட்டறை.

காலையில் தன் தகரக் கதவைத் தூக்குவதற்கு முன்னால் வார்ஜோ செய்கிற முதல் வேலை, எதிர்ப் பட்டறை வாசலில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பது. புது பைப் கிடந்தால் அன்றைக்கு முழுக்க வாயில் புளிப்பு. பழைய துருப்பிடித்த கேட் ஒன்று ரிப்பேருக்கு வந்து கிடந்தால் தேநீர் ருசிக்கும்.

வார்ஜோ சும்மா வந்தவன் இல்லை. அப்பன் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர். நாலாவதோடு படிப்பு நின்றது. பதினைந்து வயதில் ஜகார்த்தா துறைமுகத்துக்குப் போய், கப்பல் வயிற்றுக்குள் இறங்கித் துரு சுரண்டினான். சுரண்டிக்கொண்டே பக்கத்தில் வெல்டிங் அடிக்கிறவன் கையைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைத் திருடினான். கண்ணாடி போடாமல் பார்த்ததில் ராத்திரியெல்லாம் கண்ணில் மணலைக் கொட்டினது போல எரியும். பன்னிரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்து தஸ்மினாவைக் கட்டி, மாமனார் கொடுத்த இடத்தில் பட்டறை போட்டான். ஜன்னல் கம்பி, கேட், கொடிக்கம்பம். தாசில்தார் வீட்டுக்கு அவன் போட்ட கேட்டில் இரண்டு மயில் நிற்கும். அந்தத் தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆறு வருஷம் அப்படிப் போனது.

ஏழாவது வருஷம் தஸ்மினாவின் தங்கை கோமரியாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சானுரி பாத்தாம் தீவில் கப்பல் கட்டுகிற இடத்தில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். மாமனார் அவனுக்கும் அதே தெருவில் இடம் கொடுத்தார். அதுவும் எதிரிலேயே.

அதிலிருந்து வார்ஜோவுக்குச் சோறு ஒழுங்காகச் செரித்ததில்லை. சானுரி காந்தம் வைத்த மூலைமட்டம் ஒன்று வாங்கினால் இவன் இரண்டு வாங்குவான். சானுரி பட்டறைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தால் இவன் நீலம் அடித்து, பெயர்ப் பலகையை ஒரு முழம் பெரிதாக்குவான். தஸ்மினா ஒருநாள் வாய் தவறி, "தங்கச்சி இன்னிக்கு மொளகா சம்பால் அரைச்சுக் குடுத்தா, புளிப்பு சரியா இருக்குல்ல?" என்று கேட்டாள். வார்ஜோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"சம்பால் அவ அரைச்சது. அவ புருஷன் வெல்டிங் அடிச்சது இல்லய்யா. தின்னு," என்றாள் அவள்.

அவன் தின்னவில்லை.

சானுரி வந்து பதினோராவது வருஷம் கரங்ஜாத்தி சந்தையில் மாடி கட்டினார்கள். அதுவரை சந்தைக்காரர்கள் மீன் ஐஸ்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மூலையில் பாய் விரித்துத் தொழுதுகொண்டிருந்தார்கள். நெற்றியைத் தரையில் வைத்தால் அயிலை மீன் வாடை மூக்கில் ஏறும். சந்தைச் சங்கத்துக்குத் தலைவி காஸ்வாத்தி ஹாஜியம்மா, துணிக்கடைக்காரி. இரண்டு முறை மக்காவுக்குப் போய் வந்தவள், அதைவிட அதிக முறை கமிஷனர் ஆபீசுக்குப் போய் வந்தவள். அவள்தான் முட்டி மோதி மேலே ஒரு தொழுகைக் கூடம் கட்டவைத்தாள். கட்டி முடித்த பிறகுதான் படிக்கு இடம் இல்லை என்று தெரிந்தது. மீன் கூடத்தின் தூணுக்கும் கால் கழுவுகிற குழாய்க்கும் நடுவில் இரண்டரை மீட்டர். அவ்வளவுதான். நேர்ப்படி போட வழியில்லை. இரும்பில் சுருள்படி போட்டால்தான் உண்டு.

ஹாஜியம்மா சகலைகள் இரண்டு பேரையும் வரச் சொன்னாள்.

வார்ஜோ அட்டையில் வரைந்து கொண்டுபோனான். ஒன்றரை மீட்டர் வட்டம், நடுவில் தூண், சுற்றிப் படி. அழகாக இருந்தது. கைப்பிடி முழுக்கக் கொடி சுற்றி, மேலே போய் ஒரு மயிலாக முடிந்தது. சானுரி வெறுங்கையோடு வந்தான். சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ் மட்டும் இருந்தது.

"ஹாஜியம்மா, ஒரு துடைப்பமும் மணல் வாளியும் குடுங்க," என்றான்.

வாளி மணலில் துடைப்பத்தை நட்டு, அதை நடுத்தூண் என்றான். கயிறு கட்டி, தரையில் இரண்டு மீட்டர் இருபதில் ஒரு வட்டம் போட்டான். மீன்காரி தார்கோனாவைக் கூப்பிட்டு, "கூடையோட இப்படிச் சுத்தி வா அக்கா" என்றான். இன்னொருத்தியை எதிர்ப்பக்கமாக வரச் சொன்னான். இரண்டு பேரும் கூடை இடிக்காமல் ஒருத்தியை ஒருத்தி தாண்டிப் போனார்கள்.

"இந்த அண்ணன் போட்ட படத்தையும் தரையில போட்டுப் பாரு," என்றாள் ஹாஜியம்மா.

வார்ஜோவின் ஒன்றரை மீட்டர் வட்டத்தையும் சானுரியே வரைந்தான். அதே இரண்டு பெண்கள். பாதிச் சுற்றில் கூடையும் கூடையும் முட்டிக்கொண்டு, அயிலை முழுக்கத் தரையில் கொட்டியது. சந்தையே சிரித்தது. தார்கோனா குனிந்து மீனைப் பொறுக்கிக்கொண்டே, "வார்ஜோ அண்ணே, உன் மயிலுக்கு இரை போட்டாச்சு" என்றாள்.

அந்தச் சிரிப்பு வார்ஜோவின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வட்டம் போடத் தனக்கு ஏன் தோன்றவில்லை? துடைப்பம் தன் வீட்டிலும்தான் இருக்கிறது!

வேலை சானுரிக்குப் போனது. ஐந்து வாரம் அவன் அதைக் கட்டினான். ஐந்து வாரமும் வார்ஜோ எதிர்ப் பட்டறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு படித்தட்டும் புடைப்பு வரி போட்ட கெட்டித் தகடு. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு ஈரக்காலோடு ஏறினாலும் வழுக்காது. நடக்கிற இடத்தில் முழுப் பாதமும் பதிகிற அகலம் இருந்தது. படிக்கும் படிக்கும் நடுவில் சந்து விடாமல் தகடு வைத்து அடைத்திருந்தான். சந்தையில் பெண்கள் ஏறும்போது கீழே ஐஸ் உடைக்கிறவன் அண்ணாந்து பார்த்தால் இரும்பு மட்டும்தான் தெரியும். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடைவெளி வைக்க, இளநீர்க்காரனிடம் சின்னதாக ஒரு காய் வாங்கி வந்தான். அது நுழையாத அளவுக்குத்தான் கம்பி நிறுத்தினான். தவழுகிற பிள்ளையின் தலை அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க வார்ஜோவுக்கு வயிறு எரிந்தது. மோசமாகச் செய்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

படி சந்தையில் ஏறி நின்ற மறுநாள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனான். பையில் ரசமட்டம், தூக்குகுண்டு, டேப். கல்யாண வீட்டில் குறை சொல்ல வந்த சம்பந்தி போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தூண் நேர்குத்தாக நின்றது. தரையிலிருந்து மாடிக்கு மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு. ஒவ்வொரு படியும் பதினெட்டு சென்டிமீட்டர். டேப் வைத்த இடமெல்லாம் பதினெட்டு. வெல்டிங் ஓடிய இடம் மீன் செதில் அடுக்கினது போல இருந்தது. மேல் சுற்றின் அடியில் தலை இடிக்கிறதா என்று நுனிக்காலில் எம்பிப் பார்த்தான். இடிக்கவில்லை. குதித்தும் பார்த்தான்.

வெறுத்துப்போய் ஏறினான். ஏறும்போது வாய் தன்பாட்டுக்கு எண்ணியது. அந்த ஊரில் யார் படி ஏறினாலும் எண்ணுகிற எண்ணிக்கைதான். ஸ்ரீ, பதவி, பொருள், நோவு, சாவு. ஐந்தும் முடிந்தால் திரும்பவும் ஸ்ரீ. கடைசிக் கால் ஸ்ரீயில் விழ வேண்டும். பதவியில், பொருளில் விழுந்தாலும் சரி. நோவிலும் சாவிலும் விழுகிற மாதிரி அந்த ஊரில் ஒருத்தன் கோழிக்கூண்டுக்குக்கூட ஏணி போடமாட்டான்.

பதினாறு, ஸ்ரீ. பதினேழு, பதவி. பதினெட்டு, பொருள். மாடித் தரையில் கால் வைத்தான். பத்தொன்பது.

நோவு.

வார்ஜோ அப்படியே நின்றான். பிறகு கீழே இறங்கி, விரல் மடக்கி இன்னொரு தரம் எண்ணி ஏறினான். நோவுதான். கப்பல் கட்டுகிற இடத்தில் ஏணிக்கு யார் எண்ணுகிறார்கள்? பாத்தாம் பயல் மறந்துவிட்டான்! ஐந்து வாரத்தில் முதல் தடவையாக வார்ஜோவுக்கு மூச்சு நெஞ்சு நிறைய வந்தது.

இறங்கி வந்து தார்கோனாவின் மீன் பலகை முன்னால் நின்றான்.

"என்ன அண்ணே, அயிலை வேணுமா? பொறுக்கினதுல நாலு மிச்சம் இருக்கு."

"மீன் கெடக்கட்டும். நீ மாடி ஏறினியா?"

"இல்லியே, நாளைலேருந்துதானே மேல தொழுகை."

"ஏறும்போது எண்ணிக்கிட்டு ஏறு. நான் ஒண்ணும் சொல்லல. எண்ணிக்கிட்டு மட்டும் ஏறு."

மத்தியானத்துக்குள் சந்தை முழுக்க எண்ணிவிட்டது. மறுநாள் லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு ஒரு பெண்கூட மேலே போகவில்லை. மறுபடி ஐஸ்பெட்டிக்குப் பின்னால் பாய் விரித்தார்கள். தொழவைக்கிற லெப்பை வந்து, "இதெல்லாம் மார்க்கத்துல கெடையாது, தாய்மார்களே. படி படிதான்" என்றார். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் ஏறவில்லை. அவரே கடைசிப் படியைத் தாண்டி எட்டி வைத்ததாகத் தார்கோனா பார்த்துச் சொன்னாள்.

ஹாஜியம்மா சானுரியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, எனக்கு நம்பிக்கை இருக்கா இல்லையாங்கறத விடு. நூத்தம்பது கடைக்காரிக்கு இருக்கு. வெள்ளிக்கிழம கந்தூரி விருந்து வச்சு முறைப்படி தெறக்கறோம். மஞ்சச் சோத்துக்கு அரிசி ஊறப்போட ஆள் சொல்லியாச்சு. அதுக்குள்ள ஸ்ரீயில முடிச்சுக் குடு."

"அம்மா, அதுக்கு எல்லாத்தையும் கழட்டி, இருபத்தோரு படியா சமமாப் பிரிச்சு மறுபடி ஒட்டணும். மூணு வாரம் ஆகும்."

"மூணு நாள் இருக்கு."

சானுரி கீழ்ப்படிக்கு முன்னால் ஒரு அரைப்படி ஒட்டினான். மேல்படிக்கும் மாடிக்கும் நடுவில் இன்னொரு அரைப்படி செருகினான். இருபத்தொன்று ஆயிற்று. ஸ்ரீ. ஒட்டும்போது அவன் முகம் செத்த வீட்டில் உட்கார்ந்தவன் முகம் போல இருந்தது. வார்ஜோ இதைத் தேநீர்க்கடையிலிருந்து பார்த்தான். மண் குடுவைத் தேநீரில் கற்கண்டைக் கலக்காமல் குடிப்பதுதான் ஊர் வழக்கம். முதலில் கசக்கும், போகப் போக இனிக்கும். வார்ஜோவுக்கு அன்று பொறுக்கவில்லை. கரண்டி கேட்டு வாங்கிக் கலக்கிக் குடித்தான்.

வெள்ளிக்கிழமை மஞ்சள் சோறும் கோழியும் தின்றுவிட்டு எல்லோரும் ஏறினார்கள். கீழே ஒன்பது, ஒன்பது. பிறகு வரிசையாகப் பதினெட்டு. மேலே போய் மறுபடி ஒன்பது, ஒன்பது. மனிதன் கால் இரண்டு படி ஏறினதும் அளவைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது படிக்குக் கண்ணைக் கேட்காது. ஏறினவர்கள் எல்லோரும் மாடி வாசலில் இல்லாத உயரத்துக்குக் காலைத் தூக்கித் தொப்பென்று வைத்தார்கள். இறங்கினவர்கள் முதல் இரண்டு அடி பதமாக வைத்துவிட்டு, மூன்றாவதில் பள்ளத்தில் விழுந்தது போல முன்னால் சாய்ந்து கைப்பிடியை எட்டிப் பிடித்தார்கள். தொழுதுவிட்டு வருகிற நாற்பது பேரும், தொழுகையில் ருக்கூவுக்குக் குனிவது போல, ஒரே இடத்தில் ஒரு குனி குனிந்தார்கள்.

"மேலயே ருக்கூ முடிச்சுட்டு வந்தோம், இங்க எதுக்குய்யா மறுபடி?" என்றான் ஐஸ்காரன்.

வார்ஜோ சிரித்தான். நன்றாகச் சிரித்தான். ஆனாலும் அத்தனை பேர் சாய்ந்தும் கைப்பிடி அசையவில்லை. அதையும் அவன் கவனித்தான். அதற்கும் எரிந்தது.

நாலாம் நாள் தஸ்மினா விழுந்தாள்.

சந்தையில் அவளுக்குத் தோஃபு பலகாரக் கடை. லுஹர் முடிந்து, கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறதே என்று வேகமாக இறங்கினாள். மேலே ஒன்பது, ஒன்பது. மூன்றாவது அடியில் கால் மடங்கி, நாலு படி உட்கார்ந்தவாக்கில் சறுக்கினாள். கம்பியைப் பிடித்ததால் நின்றாள். கணுக்கால் பிசகிப் பப்பாளி போல வீங்கியது. நீவிவிடுகிறவள் வந்து இஞ்சிப் பற்றுப் போட்டாள்.

"பாத்தியா, நோவு நோவுதான். ரெண்டு படி ஒட்டினா போயிடுமா? அந்த ஆள் கை ராசியில்லாத கை," என்று சந்தை பேசியது. சானுரிக்கு வரவேண்டிய பள்ளிக்கூட கேட் வேலை வேறு இடத்துக்குப் போனது. இரண்டு நாளாக அவன் பட்டறையில் கிரைண்டர் சத்தம் இல்லை.

சாயங்காலம் ஹாஜியம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வார்ஜோ வீட்டுக்கு வந்தாள். தஸ்மினாவின் காலைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து அவனிடம் சொன்னாள்:

"வார்ஜோ, இதுக்கு மேல முடியாது. அதை வெட்டிப் போட்டுட்டு நீ ஒண்ணு செஞ்சு குடு. ஸ்ரீயில முடியணும். ஒன்றரை மீட்டரா இருந்தாலும் சரி, கூடைய கீழயே வச்சுட்டு ஏறிக்கறோம். மயில் வேணும்னா வச்சுக்கோ. திங்கக்கிழமை சொல்லு."

அவன் கேட்டதெல்லாம் ஒரே வாயில் வந்து விழுந்தது. அந்தப் படியை வெட்டுகிற கை அவன் கையாகவே இருக்கும். அடுத்ததை நிறுத்துகிற கையும் அவன் கை. சந்தைப் படி போட்டவன் என்று பட்டறைப் பலகையில் எழுதலாம். "சரிம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தான். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றுதான் வந்தது.

உள்ளே வந்தான். தஸ்மினா காலை மணையில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தார்கோனா சொன்னா," என்றாள்.

"என்ன சொன்னா?"

"முதல்ல எண்ணினது யாருன்னு."

வார்ஜோ வாழைப்பழத்தைப் பிய்த்தான். உரிக்கவில்லை.

"எண்ணினது நீ. விழுந்தது நான். என் தங்கச்சி வீட்டுல ரெண்டு நாளா அடுப்பு மட்டும்தான் எரியுது, யாரும் பேசிக்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ போடப் போற ஒன்றரை மீட்டர்ல, இந்தக் காலோட நான் ஏறுவேனா?"

பதில் அவனுக்குத் தெரியும். தரையில் சிதறின அயிலையைப் பார்த்தவன்தானே அவனும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சந்தை காலியானதும் போனான். தோளில் இரும்பு வெட்டுகிற கேஸ் டார்ச்சின் குழாய். வெட்டப் போகிறானா, பார்க்கப் போகிறானா என்று அவனுக்கே தெரியாது. மேலே ஏறி நின்று, இறங்கிக்கொண்டே எண்ணினான். இந்த முறை மேலிருந்து. அரைப்படியை விட்டுவிட்டு, மாடித் தரையையே ஸ்ரீ என்று வைத்தான். பதவி, பொருள், நோவு, சாவு. ஸ்ரீ. சுற்றி இறங்கி வந்து பதினாறில் மறுபடி ஸ்ரீ வந்தது. நின்று கீழே பார்த்தான். தரை அவன் நின்ற தட்டிலிருந்து நாலு படிக்குக் கீழே கிடந்தது. ஒரு படி கீழே, அதாவது தரைக்கு மேல் மூன்றாவது தட்டில், தரை இருந்தால்? ஏறுகிறவனுக்குப் பதினாறே படி. ஸ்ரீ.

பக்கத்தில் கால் கழுவுகிற குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயடியில் எப்போதும் சேறு. பெண்கள் கழுவின காலைச் சேற்றில் வைத்துவிட்டுத்தான் படியில் வைப்பார்கள். அவன் அந்தச் சேற்றையே பார்த்தான். படியை உயர்த்த வேண்டாம். தரையை உயர்த்தலாம்! ஐம்பத்து நாலு சென்டிமீட்டருக்கு ஒரு மேடை. குழாயும் அதன் மேல். மேடைக்கு ஏற மூன்று சிமென்ட் படி. ஒவ்வொன்றும் பதினெட்டு. மூன்று என்றால் பொருள். மேலே பதினாறு, ஸ்ரீ. அரைப்படி இரண்டும் வேண்டாம். காலுக்குத் தரையிலிருந்து மாடி வரை ஒரே அளவு.

இவ்வளவும் தோன்றினதும் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. 'இதைச் சொன்னால் அவன் படி வெட்டுப்படாமல் நின்றுவிடுமே' என்பதுதான் வந்தது.

"வெட்ட வந்தியா அண்ணே?"

தூணுக்குப் பின்னாலிருந்து சானுரி வந்தான். நாலு நாள் தாடி.

"ஹாஜியம்மா சொன்னாங்க. வேற யாராவது வெட்டுறதுக்கு நீயே வெட்டு. உன் டார்ச்சு ஓரம் சுத்தமா வெட்டும்."

"எண்ணினது நான்தான்," என்றான் வார்ஜோ. அதைச் சொல்ல வந்தவன் இல்லை அவன். வந்துவிட்டது.

"தெரியும். மீன்காரி அன்னிக்கே சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நானும் எண்ணினேன் அண்ணே. பட்டறையில ஒட்டும்போதே எண்ணினேன். நோவு வந்துச்சு. பதினெட்டு சென்டிமீட்டர் நல்ல அளவு, கெடுக்க மனசு வரல. இந்த ஊர்ல இதை உக்காந்து எண்ணுற அளவுக்கு என் வேலைய எவன் பாக்கப் போறான்னு விட்டுட்டேன்." கீழ்த்தட்டைத் தடவிப் பார்த்தான். "உன்ன மறந்துட்டேன்."

வார்ஜோவுக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, சிரிக்கலாம் போலவும் இருந்தது. டார்ச்சைக் கீழே வைத்தான். சாக்பீஸை எடுத்தான். பட்டறையில் யாரும் பார்க்காதபோது அவனும் இப்போதெல்லாம் சட்டைப்பையில் சாக்பீஸ் வைத்துக்கொண்டிருந்தான். தரையில் கோடு போட்டான். மேடை, குழாய், மூன்று படி. எண்ணிக்காட்டினான். சானுரி குந்தி உட்கார்ந்து பார்த்தான். கோட்டின் மேல் விரல் வைத்துத் திரும்ப எண்ணினான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

"எனக்கு ஏன் அண்ணே இது தோணல?"

அந்த ஒரு வார்த்தைக்காக வார்ஜோ பதினோரு வருஷம் காத்திருந்தான். அது இவ்வளவு சீக்கிரம் காதைக் கடந்து போய்விடும் என்று அவன் நினைக்கவில்லை.

"மேடையும் மூணு படியும் நான் போடறேன்," என்றான். "உன் கை அதுல படக்கூடாது."

"படாது."

"கீழ் மூணு தட்டையும் நான்தான் வெட்டுவேன்."

"வெட்டு."

அரைப்படி இரண்டையும் சானுரியே கழற்றிக்கொண்டான். கீழ்த்தட்டு மூன்றையும் வார்ஜோ வெட்டினான். வெட்டுவது முதலில் இனித்தது. வெட்டின முகத்தைத் திருப்பிப் பார்த்தான். வெல்டிங் உள்வரை முழுக்க ஓடியிருந்தது. ஒரு பொத்தல் இல்லை, கசடு இல்லை. இன்னொரு தட்டிலும் தேடினான். இல்லை. இனிப்பு போய்விட்டது.

சிமென்ட் வேலை அவன் தொழில் இல்லை. ஆனாலும் கொத்தனை விடாமல் படுத்தி எடுத்தான். மூன்று படிக்கும் முடிந்த உயரம் பதினெட்டு, ஒரு மயிரிழை கூடக்கூடாது. மேடை குழாய்ப்பக்கம் லேசாகச் சரிந்து, தண்ணீர் சாக்கடைக்கு ஓடவேண்டும். மேலே தென்னந்துடைப்பத்தால் வரி இழுத்துச் சொரசொரப்பாக்கினான். ஹாஜியம்மா வந்து பார்த்துவிட்டு, "டைல்ஸ் ஒட்டுப்பா, பளபளன்னு இருக்கும். நான் வாங்கித் தர்றேன்" என்றாள்.

"வேணாம்மா."

"பச்சை டைல்ஸ். பள்ளிவாசல்ல இருக்கற மாதிரி."

"ஈரக்காலுக்கு டைல்ஸ் ஆகாது. ஒட்டினா ஒரு சென்டிமீட்டர் ஏறும். அந்த ஒரு சென்டிமீட்டர்லதான் என் பொஞ்சாதி மறுபடி விழுவா."

ஹாஜியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தானே எண்ணினாள். மூன்று, பொருள். "சந்தைக்கு இதைவிட என்ன வேணும்?" என்றாள். பதினாறு ஏறி மேலே போய், "ஸ்ரீ!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"ரெண்டையும் மொத்தமா எண்ணினா பழைய நோவுதானே வரும்?" என்றாள் தார்கோனா கீழே நின்றுகொண்டு.

"ஏண்டி, நீ உன் வீட்டு வாசக்கல்லையும் மாடிப்படியையும் சேத்தா எண்ணுவ?" என்று வார்ஜோ எகிறினான். "கால் கழுவற இடம் தரை. தரைய எவளாவது எண்ணுவாளா?"

தார்கோனா யோசித்தாள். "எண்ணமாட்டோம்தான்," என்று ஒப்புக்கொண்டு மீன் வெட்டப் போனாள். அவள் ஒப்புக்கொண்டால் சந்தை ஒப்புக்கொண்ட மாதிரி.

இப்போது தினமும் லுஹருக்கு மாடி நிறைகிறது. பள்ளிக்கூட கேட் வேலை சானுரிக்கே திரும்ப வந்தது. வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் படியைப் பார்த்துவிட்டு அவன் பட்டறைக்கு வழி கேட்டார்கள். வழி கேட்டது வார்ஜோவிடம். "எதிர்ல" என்று முகத்தைப் பார்க்காமல் கை காட்டினான். அன்று சாயங்காலம் முழுக்க அவன் கிரைண்டர் வேண்டாததையெல்லாம் தேய்த்தது.

தஸ்மினாவின் கால் ஆற ஒரு மாதம் ஆனது. அவள் திரும்ப ஏறின முதல் நாள், வார்ஜோ தேநீர்க்கடையில் குடுவையோடு உட்கார்ந்திருந்தான். கரண்டி கேட்கவில்லை. தொழுகை முடிந்து கூட்டம் இறங்கியது. நடுவில் தஸ்மினாவும் கோமரியாவும் வந்தார்கள். தஸ்மினா சானுரியின் கைப்பிடியில் ஒரு கை வைத்து, இன்னொரு கையை ஆட்டி ஆட்டித் தங்கையிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். வார்ஜோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தான். மேலே முதல் அடி, இரண்டாவது, மூன்றாவது. கால் தயங்கவில்லை. சுற்றி வந்தாள். இரும்பு முடிந்து சிமென்ட் தொடங்குகிற இடத்தில் அவன் மூச்சைப் பிடித்தான். அவள் பேச்சை நிறுத்தாமல் மேடையைத் தாண்டி, மூன்று படியும் இறங்கித் தரைக்கு வந்துவிட்டாள்.

நேராக அவனிடம் வந்தாள்.

"என்னய்யா முறைச்சுப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. படி எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. சானுரி நல்லாப் போட்டிருக்கான்."

"அவன் போட்டது இல்லடி. கீழ மூணு."

தஸ்மினா திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒருத்தி மேடையில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எந்த மூணு?" என்றாள்.

வார்ஜோ குடுவையைத் தூக்கி அடியில் இருந்ததை ஒரே மடக்கில் குடித்தான். தித்தித்தது.

"போ, எண்ணெய் காயுது," என்றான்.